தொழில் மாநாட்டில் பேச நம் பட்டறையிலேயே ஆள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுமினியம் டை காஸ்டிங், அதாவது உருக்கிய அலுமினியத்தை டை என்ற உலோக அச்சுக்குள் அழுத்திப் பாய்ச்சி உதிரிபாகம் வார்க்கும் வேலை, செய்யும் ஒரு சிறு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 56. டிப்ளமோ முடித்துவிட்டு 1991ல் டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்தவள். அப்புறம் கம்பெனி மாறினேனே தவிர, பேட்டை மாறவில்லை. காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் தங்கள் நாளிதழைப் புரட்டிவிட்டுத்தான் ஷாப்புக்குள் இறங்குவேன்.

சென்ற மாதம் தங்கள் வணிகப் பக்கத்தில் எங்கள் தொழில் சார்ந்த மாநாடு ஒன்றின் படம் வந்திருந்தது. குத்துவிளக்கு ஏற்றும் ஏழு பேர், கீழே ஏழு பேரின் பெயரும் பதவியும். அங்கே யார் என்ன பேசினார்கள் என்று செய்தியில் ஒரு வரி இல்லை. தங்கள் நிருபரை நான் குறை சொல்ல மாட்டேன். இதுபோன்ற மாநாடுகளில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் உருப்படியாக நான்கு வரி தேறாமல் போன அனுபவம் எனக்கே நிறைய உண்டு. ஏன் இப்படி ஆகிறது என்று சமீபத்தில் எனக்கு ஓரளவு புரிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு நிகழ்ச்சிக் குழு போட்டார்கள். பதினொரு பேர், அதில் பெண்கள் இருவர். சனிக்கிழமை மாலை, டீயும் மசால் வடையும் வந்த பிறகு தலைவர் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார். "நம்ம தொழில்ல இருக்கிறவங்களா இருக்கணும். அவங்க பேசறதைக் கேட்டா நமக்கு ஒரு உத்வேகம் வரணும். ஆளுக்கு மூணு பேர் எழுதுங்க" என்றார். பேனாவைத் திறந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுகிறேன். எனக்கும் ஒரு பெயர் வரவில்லை. அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

பிறகு சீட்டுகளைப் பிரித்துப் படித்தார்கள். நான்கு சீட்டில் "அப்துல் கலாம் ஐயா மாதிரி ஒருவர்" என்று இருந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தவர். அவரை நினைக்காத மேடை ஏது? ஆனால் "மாதிரி ஒருவர்" என்றால் அது யார் என்பதை எழுதியவர்களால் சொல்ல முடியவில்லை. மூன்று சீட்டில் பட்டிமன்றப் பேச்சாளர்கள் இருந்தார்கள், இரண்டில் கிரிக்கெட் வீரர்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் பெயரை இருவர் எழுதியிருந்தார்கள். விழுப்புரத்தில் டிப்ளமோவில் தொடங்கியவர் அவர். டிப்ளமோ படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சு நிமிரும். 2023 ஆகஸ்ட் 23 மாலை எங்கள் ஷாப்பில் ஒரே ஒரு ஃபோனைச் சுற்றி நாற்பது பேர் நின்று, விண்கலம் நிலவில் இறங்குவதைப் பார்த்தோம். பெண்களில் வந்த ஒரே பெயர் இந்திரா நூயி. சென்னையில் பிறந்து, சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்து, பெப்சிகோவின் தலைமைப் பொறுப்புக்குப் போனவர். அதுவும் பெருமைதான்.

இவர்களில் ஒருவரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சீட்டுகளில் அலுமினியம் உருக்குகிறவர் ஒருவர் இல்லை. டை செய்கிறவர், லேத் ஓட்டுகிறவர், முலாம் பூசுகிறவர் ஒருவரும் இல்லை. வந்த பெயர்கள் எல்லாம் டிவியும் பத்திரிகையும் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவை. அடுத்த தெருக் கம்பெனியிலிருந்து ஒரு பெயரும் எங்களிடம் வந்து சேரவில்லை.

இப்படித் தடுமாறினால் கடைசியில் எங்கே போய் நிற்போம் என்பதும் எனக்குத் தெரியும். போன முறை நடந்ததே. ஊக்கம் தரும் பேச்சாளர் என்று ஒருவரை அழைத்தோம். ஒரு மணி நேரத்துக்கு அவர் வாங்கிய தொகை, எங்கள் லைனில் ஓர் ஆபரேட்டரின் நான்கு மாதச் சம்பளத்தைவிட அதிகம். நன்றாகத்தான் பேசினார். கழுகுக்கு நாற்பது வயதானதும் மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொண்டு, புது அலகு முளைத்த பிறகு இன்னும் முப்பது வருடம் வாழும் என்றார். அது உண்மையே இல்லை. அலகு போன கழுகு இரை தின்ன முடியாமல் செத்துப்போகும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் மைக்ரான் கணக்கில் வேலை செய்கிறவர்கள். ஒரு பீஸின் அளவு சந்தேகமாக இருந்தால் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே விடுகிறோம். அந்தக் கதையை மட்டும் அளக்காமல் வாங்கிக்கொண்டு கை தட்டினோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இன்ஜினியர், அதை அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டான். அந்தப் பிள்ளைக்கு நம்மால் கொடுக்க முடிந்தது இதுதானா என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

குழுவில் பெண் பேச்சாளர் பற்றிப் பேச்சு வந்ததும் ஒருவர், "நம்ம லைன்ல லேடீஸ் யாரு மேடம் இருக்காங்க?" என்றார். தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். நான் லலிதாவைப் பற்றிச் சொன்னேன். ஏ. லலிதா, 1943ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர், மகளைப் படிக்க வைத்தே தீருவது என்று நின்றவர். அதே காலத்தில் அங்கே சிவில் படித்து வெளியே வந்தவர்கள் பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும். லலிதா பின்னால் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் திட்டத்துக்கான மின் வேலைகளிலும் அவர் கை இருந்தது.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்குமான முதல் சர்வதேச மாநாடு நடந்தது. லலிதாவுக்கு அழைப்பு வந்தது. இங்கிருந்து அனுப்பி வைக்க அப்படி ஓர் அமைப்பே அப்போது கிடையாது, அதனால் தனி நபராகப் போய்க் கலந்துகொண்டார். ஒரு சென்னைப் பெண் தொழில் மாநாட்டுக்காகக் கடல் கடந்து போய் வந்து அறுபது வருடம் தாண்டிவிட்டது. எங்கள் குழுவில் நான்கு பேர் கிண்டியில் படித்தவர்கள், ஒருவரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. எனக்கும் ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிராயிங் ஹாலில் நான் ஒருத்திதான் பெண் என்று ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்த நாட்களில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு துணையாக இருந்திருக்கும்!

இனி எங்கள் ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

லீக் டெஸ்ட் பிரிவில் ஒரு பெண் இருக்கிறார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், கொரட்டூரிலிருந்து வருகிறார். பதினாறு வருடமாக அதே தொட்டிதான். இளவட்டங்களுக்கெல்லாம் அவர் அக்கா. காஸ்டிங்கின், அதாவது வார்த்தெடுத்த பீஸின், ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, தண்ணீரில் முக்கிப் பிடித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. குமிழி வந்தால் உலோகத்துக்குள் எங்கேயோ வழி இருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் அனுப்பிவிட்டால் வண்டியில் பூட்டிய பிறகு எண்ணெய் கசியும். கஸ்டமர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பம்ப் கவரில் ரிஜெக்ட் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் நூற்றுக்குப் பன்னிரண்டு கசியும். இன்ஜினியர்கள் டைக்குள் உலோகம் நுழையும் வழியான கேட்டை அகலப்படுத்தினார்கள், உலோகத்தை உள்ளே தள்ளும் ஷாட் பிரஷரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். டை செய்தவர் வந்து மெட்டல்தான் சரியில்லை என்றார், மெட்டல் கொடுத்தவர் டையில்தான் கோளாறு என்றார். நானும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்படியே ஆறு வாரம் ஓடியது. ஒரு நாள் மதியம் அந்தப் பெண் என் மேஜை ஓரத்தில் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா? தப்பா இருந்தா விட்டுடுங்க."

அவர் மகளுடைய பழைய கணக்கு நோட்டு அது. பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். கசிந்த ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு புள்ளி. குமிழி சின்னதாக இருந்தால் பேனா முனை பட்ட அளவு, பெரிதாக இருந்தால் கோலப் புள்ளி மாதிரி அழுத்தி வைத்த புள்ளி. எதிரே, அந்தப் பீஸ் வந்த டிரேயின் சீட்டில் எழுதியிருந்த நேரம். நான் பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் புள்ளிகள் மூன்று இடத்தில் கொத்துக் கொத்தாக இருந்தன. காலை டீக்கு அப்புறம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், சாயங்கால டீக்கு அப்புறம். நடுவில் இருந்த நேரமெல்லாம் கிட்டத்தட்ட வெறும் தாள்.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தினால் டை ஆறிவிடுகிறது. 200 டிகிரி பக்கம் இருக்க வேண்டிய டை ஆறிப்போனால், உள்ளே பாயும் உலோகம் சுவரில் பட்டதுமே உறைய ஆரம்பிக்கும். இரண்டு பக்கத்திலிருந்து வரும் ஓட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து சேராமல் வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கும். கோல்டு ஷட் என்போம். நிறுத்தி ஓட்டும்போது முதல் சில ஷாட்டுகளை (உலோகத்தை ஒரு தடவை பாய்ச்சி வார்ப்பது ஒரு ஷாட்) கணக்கில் சேர்க்காமல் உலைக்கே திருப்பிப் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். எங்கள் மெஷினில் மாட்டியிருந்த தாளில் பத்து ஷாட் என்று எழுதியே இருந்தது. உற்பத்திக்கு நெருக்கடி வந்த ஏதோ ஒரு மாதத்தில் அது மூன்றாகிவிட்டது. யாரும் உத்தரவு போட்டுக் குறைக்கவில்லை, அதுவாகவே பழக்கத்தில் குறைந்திருக்கிறது. மறுநாளிலிருந்து பத்து ஷாட்டைத் தள்ளினோம், இடைவேளையில் டையைச் சூடாக வைக்க பர்னர் வைத்தோம். அந்த வாரக் கடைசிக்குள் நூற்றுக்கு இரண்டாக இறங்கிவிட்டது.

"எதுக்காக இதைக் குறிச்சு வச்சீங்க?" என்று கேட்டேன். "ஸ்கிராப் பெட்டியில தூக்கிப் போடறது நான்தானே மேடம். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தா முதல் பீஸே கசியும். சாப்பிட்ட சோறு இறங்காது. ஏன்னு பார்க்கலாமேன்னு எழுதினேன்" என்றார்.

சீட்டு கையில் இருந்த அந்தச் சனிக்கிழமை இவர் பெயர் எனக்கு ஏன் வரவில்லை? இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். "உத்வேகம் தரும் பேச்சாளர்" என்று கேட்டதும் என் மனசு கோட்டு, மைக், கைதட்டல் என்று தேடப் போய்விட்டது. தினமும் நான் கடந்து போகிற அந்தத் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் சாயங்காலம், அம்பத்தூரிலும் கிண்டியிலும் திருமுடிவாக்கத்திலும் எனக்குத் தெரிந்த கம்பெனிகளுக்கு ஃபோன் செய்தேன். "ரொம்ப நாளாத் தீராம இருந்த பிரச்சினை ஒண்ணை உங்க ஷாப்புல தீர்த்து வச்சவங்க யாரு?" இவ்வளவுதான் கேட்டேன். ஒருவர்கூட யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. பதினான்கு பேரிடம் பேசியதில் பதினாறு பெயர் வந்தது.

முலாம் பூசும் பட்டறையில் ஒருவர். வலிமை கூடிய போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். சில மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, ஏறத்தாழ 200 டிகிரியில் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால், பார்க்கப் பளபளவென்று இருக்கும் போல்ட் முறுக்கி மாட்டிய பிறகு ஒரு நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் உடையும். அவர்களுடைய போல்ட்டுகளில் அப்படிச் சில உடைந்து வந்தன. எல்லாரும் ரசாயனத்தைச் சந்தேகப்பட்டபோது இவர் லாட் நம்பர்களை வரிசையாக வைத்துப் பார்த்து, உடைந்தவை எல்லாம் நைட் ஷிஃப்டில் பூசியவை என்று கண்டுபிடித்தார். ஓவன் இருந்த அறையின் சாவி பகல் சூப்பர்வைசரிடம் இருந்தது. இரவில் பூசிய போல்ட்டுகள் அவர் வரும்வரை காத்துக் கிடந்திருக்கின்றன.

கிண்டியில் ஒரு பெண் கணக்காளர். பெரிய கம்பெனி ஒன்று ஏழு மாதமாகப் பணம் தராமல் இழுத்தடித்தது. 2006ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. இவர் ஒவ்வொரு பில்லுக்கும் வட்டியைக் கணக்கிட்டு, டெலிவரி சலானில் அவர்கள் பெற்றுக்கொண்ட கையெழுத்தையும் சேர்த்துக் கடிதம் அனுப்பினார். வட்டியை விட்டுக்கொடுத்து அசலை மூன்றே வாரத்தில் வாங்கிவிட்டார். இந்தச் சட்டம் இருக்கிறது என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். எந்தக் காகிதத்தை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னவர் ஒருவரையும் நான் மேடையில் பார்த்ததில்லை.

அப்புறம் ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர். தேய்ந்துபோன லேத் படுக்கையில் நீல மை தடவி, மேடு பள்ளம் பார்த்து, கையாலேயே சுரண்டிச் சுரண்டிச் சமமாக்குகிறவர். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவருக்குப் பிறகு அந்த வேலை தெரிந்தவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. அவரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இந்தப் பெயர்களோடு குழுவுக்குப் போனேன். "பயோடேட்டா இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "என்ன டெசிக்னேஷன் போடறது?" என்றார் இன்னொருவர். ஸ்பான்சர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் பொருளாளர். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். சென்னையில் முந்நூறு பேருக்கு ஹோட்டல் ஹாலும் சாப்பாடும் என்றால் லட்சக்கணக்கில் ஆகிறது. அந்தப் பணத்தை ஸ்பான்சர்தான் கொடுக்கிறார், பதிலுக்கு ஒரு பேச்சு நேரத்தை எடுத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் அவருடைய மெஷினை விற்கத்தான் ஆள் வருவார். காலை முழுவதும் இப்படியே போய்விட்டால், தொழிலாளியின் சம்பளத்தைப் பிடிக்காமல் மாநாட்டுக்கு அனுப்பிய முதலாளிக்கு என்ன மிச்சம்?

ஒரு முதலாளி ஃபோனிலேயே சொன்னார்: "அவரை மேடை ஏத்தினா அடுத்த மாசமே வேற கம்பெனி தூக்கிட்டுப் போயிடுவான் மேடம்." அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் வெளியே பெயர் தெரியாமல் வைத்திருந்துதான் ஓர் ஆளைத் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்றால், அது அந்த ஆளுக்குச் செய்கிற அநியாயம் என்று அவரிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றார்.

இன்னொரு தடை மொழி. எங்கள் ஷாப்பில் ஷாட், கேட், ஃபர்னஸ் என்று வார்த்தைகள் ஆங்கிலமாக இருக்கும், வாக்கியம் தமிழ்தான். மாநாட்டில் மட்டும் வாக்கியமும் ஆங்கிலமாகிவிடுகிறது. வேலை தெரிந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். இப்போது ஒடிசா, பீகார் பிள்ளைகளும் எங்களோடு வேலை செய்கிறார்கள். பீஸைக் கையில் எடுத்துக் காட்டினால் அவர்களுக்கும் புரிந்துவிடுகிறது, ஆங்கில ஸ்லைடு யாருக்கும் புரிவதில்லை. எங்கள் பேட்டையிலிருந்து பெரம்பூர் ஐ.சி.எஃப். எவ்வளவு தூரம்? 1955லிருந்து ரயில் பெட்டி செய்கிற இடம். முதல் வந்தே பாரத் ரயிலை 2018ல் அங்கேதான் செய்தார்கள். அதற்கு வெல்டிங் செய்த கைகளில் ஒன்றையாவது எந்த மாநாட்டிலாவது நான் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை.

வாதாடிக்கொண்டிருப்பதை விடச் செய்து காட்டிவிடலாம் என்று சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் கேட்டு வாங்கினேன். லீக் டெஸ்ட் அக்காவிடம் போய்ச் சொன்னதும், "மேடையெல்லாம் வேணாம் மேடம், எனக்குக் கை நடுங்கும்" என்றார். "நீங்க பேசவே வேணாம். டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க, நான் கேள்வி கேக்கறேன்" என்றேன். நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கினோம். ஒரு சிறிய கம்ப்ரஸர், ரப்பர் அடைப்புகள், ஆறு காஸ்டிங். ஆறில் மூன்று, சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் வந்தவை.

முதல் இரண்டு நிமிடம் உண்மையிலேயே கை நடுங்கியது. பீஸ் தண்ணீருக்குள் போனதும் நடுக்கம் நின்றுவிட்டது. முப்பத்தைந்து பேர் நாற்காலியை விட்டு எழுந்து தொட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். "இதோ பாருங்க, நிக்காம வரிசையா வருதில்ல, இது பெரிய வழி. இதை யாரு வேணாலும் கண்டுபிடிச்சிடலாம். இந்தப் பீஸைப் பாருங்க. ஒண்ணு வந்துச்சு, நின்னுடுச்சு. எண்ணுங்க, ஏழு, எட்டு, ஒன்பது, இதோ அடுத்தது. இதுதான் ஏமாத்தும். பத்து எண்றதுக்குள்ள வெளிய எடுத்தா நல்ல பீஸ்னு அனுப்பிடுவோம். அப்புறம், தண்ணிக்குள்ள விடும்போதே வெளியில ஒட்டியிருக்கிற காத்தும் குமிழியா வரும். கையால ஒரு தடவை தடவி விட்டுட்டுத்தான் எண்ணணும்." இதைச் சொல்லிக்கொண்டே கட்டை விரலால் காஸ்டிங்கின் ஓரத்தை ஒரு தடவு தடவினார். பச்சைப் பிள்ளையின் முகத்தைத் துடைப்பது போல இருந்தது.

முப்பது வருடமாக ஃபவுண்டரி என்ற வார்ப்படப் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டார்: "எங்க டெஸ்ட் டைம் அஞ்சு செகண்ட்தாம்மா. போதாதா?" "அந்தப் பீஸைக் கொண்டாங்க சார், பார்த்துதான் சொல்ல முடியும்" என்றார் இவர். நாற்பது நிமிடம் என்று ஆரம்பித்தது ஒன்றேகால் மணி நேரம் போனது. திங்கட்கிழமை காலை அந்த ஃபவுண்டரியிலிருந்து ஒரு பையன் செய்தித்தாளில் சுற்றிய மூன்று காஸ்டிங்குகளோடு எங்கள் கேட்டில் வந்து நின்றான். மூன்றில் ஒன்று, எட்டு எண்ணும்போது குமிழி விட்டது.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. தொழில் மாநாட்டுச் செய்தி போடும்போது, அங்கே புதிதாக ஒருவர் சொன்ன ஒரு விஷயத்தையாவது எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால் அதையும் எழுதலாம், நடத்துகிற எங்களுக்கு அது உறைக்கும். இன்னொன்று, வணிகப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, வாசகர்கள் தங்கள் பட்டறையில், ஆலையில், அலுவலகத்தில் ஒரு பிரச்சினையைத் தீர்த்த ஒருவரைப் பற்றி நூறு வார்த்தையில் எழுதக் கேளுங்கள். தோல், அச்சு, ஆயத்த ஆடை, கட்டுமானம் என்று எல்லாத் தொழிலிலிருந்தும் வரும். ஒரு வருடத்தில் ஐம்பது பெயர் சேர்ந்துவிடும். அடுத்த முறை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற குழுவுக்கு அந்தக் கட்டங்களைக் கத்தரித்துக் கொடுத்தாலே போதும். அழைக்கிற சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்றைய சம்பளம் பிடிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்து போகச் செலவைக் கொடுங்கள், அழைப்பிதழில் மற்றவர்களின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் அவர் பெயரையும் போடுங்கள்.

எங்கள் மாநாடு அடுத்த மாதம். இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கார்பெட்டில் தண்ணீர் சிந்தக் கூடாது என்று ஹோட்டலில் சொன்னார்கள், ஷாப்பிலிருந்து ரப்பர் விரிப்பு எடுத்துப் போகிறோம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மகளை அழைத்து வரலாமா என்று. அந்தக் கணக்கு நோட்டின் சொந்தக்காரி இந்த வருடம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறாள். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று அவளுக்கு, மற்றது தங்கள் நிருபருக்கு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அம்பத்தூர் தொழிற்பேட்டை,
சென்னை – 58